வடாமும் வேட்டியும்

கேள்வி: ஒரே ஜவ்வரிசிக் கூழ்தான். வேட்டியில் ஊற்றிய வடாம் உரியவே மாட்டேன் என்கிறது; பிளாஸ்டிக் தாளில் ஊற்றியது தானே கழன்று வருகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: கூழ் நூலிடுக்கில் இறங்கி, காயும்போது இழையைக் கவ்விக்கொள்கிறது. அதனால்தான் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கிறோம். பாலித்தீனில் பிடிமானம் இல்லை. காய்ந்து சுருங்கும் வடாம் ஓரத்தைத் தூக்கிவிடும்.

ஜவ்வரிசியில் இருக்கும் மரவள்ளி மாவும் பிளாஸ்டிக்கைப் போலப் பாலிமர்தானே! படலம் இன்னும் மெலிந்தால் விளையாட்டே வேறு. பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். 1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதைச் சிலிக்கான் மேல் 10 நானோமீட்டர் படலமாக்கிப் பார்த்தார்கள். சுமார் 25 டிகிரி முன்னதாகவே இளகிவிட்டது! அக்ரிலிக் பிளாஸ்டிக் படலமோ, தங்கத்தின் மேல் சீக்கிரம் இளகும், தன்னைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கா மேல் தாமதிக்கும். அடியில் இருப்பது யார் என்று அதற்குத் தெரிகிறது.

ஒரு மில்லிமீட்டர் வடாம் அந்த 10 நானோமீட்டர் படலத்தைவிட லட்சம் மடங்கு தடிமன்; இந்த விளையாட்டு அதில் இல்லை. மெல்லிசாகவே ஊற்றுங்கள், நடுவிலும் நன்றாகக் காயும்.