இரும்புப் பெட்டி அண்ணாச்சி

வீட்டில் இரும்புப் பெட்டி இருப்பது ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது என்பது இரும்புப் பெட்டி அண்ணாச்சியின் முதல் கொள்கை. பெட்டியின் எடையோ 150 கிலோ. அது குட்டியானை வண்டியில் வந்து இறங்கும். இறக்க ஆறு பேர் வேண்டும். ஆறு பேருக்கும் டீ வேண்டும். டீ கொண்டுவருகிற பையனுக்கு வாய் உண்டு. பொழுது சாய்வதற்குள் அருப்புக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலைக்கு அடுத்தபடி விசாரிக்கப்படுவது அண்ணாச்சியின் பெட்டிதான்.

"சும்மா, பழைய பத்திரம் வைக்கிறதுக்கு" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் தெருவிலும் இவர் ஒருவர் இருப்பார். திருச்சுழிப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு, டவுனில் டைல்ஸ் போட்ட புது வீடு, மகளைக் கட்டிக்கொடுத்த களைப்பு. சாவி இரண்டு. ஒன்று அரைஞாண் கயிற்றில் தொங்கும். இன்னொன்று இருக்கும் இடம் பரம ரகசியம். அரிசி டிரம்முக்குள் இருக்கிறது என்று பேரன்தான் சொன்னான்.

பேங்கில் லாக்கர் இருக்கிறதே என்று வாய்தவறிக் கேட்டுவிடக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதி முழுசாக வரும். 2022 ஜனவரியிலிருந்து, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையில் நூறு மடங்கு வரைக்கும்தான். "வாடகை ரெண்டாயிரம்னா ரெண்டு லட்சம். இன்னைக்கு விலைக்கு அதுல ஒரு ஆரம் எடுக்க முடியுமா தம்பி?" கணக்கு சரிதான். அடுத்து பம்பாய்க்குப் போவார். 1944 ஏப்ரலில் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே எரிந்தபோது கோத்ரெஜ் பெட்டிகளுக்குள் இருந்தவை தப்பின என்பது அந்தக் கம்பெனி பெருமையாகச் சொல்லும் கதை. அதே கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. வெடித்த வேகத்தில் பறந்துபோய் வீடுகள் மேல் விழுந்தன. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பதற்கு அண்ணாச்சி காட்டும் ஒரே ஆதாரம் இது.

பெட்டி வந்தால் போதுமா? ஆறு பேர் சேர்ந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். நிதானமாகக் காட்டுக்குள் வைத்து உடைத்துக்கொள்ளலாம். ஆகவே தரையோடு முடுக்க வேண்டும். 2016-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் ரிசர்வ் வங்கிக்குப் போன பணத்தில் 5.78 கோடியைக் கூரையில் ஓட்டை போட்டு எடுத்தார்கள். 2019-இல் திருச்சி நகைக்கடையில் சுவரில் கன்னம் வைத்தார்கள். கூரையும் போச்சு, சுவரும் போச்சு, தரை ஒன்றுதான் பாக்கி என்பது அண்ணாச்சியின் துப்பறியும் முடிவு.

இடம் பார்ப்பதற்கு மச்சான் வருவார். கன்னி மூலையில் வைத்து வடக்கே பார்க்கத் திறக்க வேண்டும். கன்னி மூலைக்கு அடியில் குளியலறைக் குழாய் போகிறது என்பார் பிளம்பர். குபேரனா குழாயா என்று அரை நாள் பேச்சுவார்த்தை நடந்து, பெட்டி ஓர் அடி நகரும்.

பிறகு டைல்ஸ் மேஸ்திரி. இவர் இந்த ஊரின் உண்மையான ஞானி. முதலில் விரல் முட்டியால் டைலைத் தட்டுவார். அடியில் சாந்து சேராத இடம் டொக் டொக் என்று பொக்காகக் கேட்கும். அங்கே துளை போட்டால் டைல் விரிந்துவிடும். அண்ணாச்சி கடையில் வாங்கிவந்த நாலு அங்குல ஆங்கர் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எதைப் பிடிக்கும்?" என்பார். பெட்டியின் அடித்தகடு, டைல், அதற்குக் கீழே ரெண்டு அங்குலச் சாந்து எல்லாம் தாண்டினால்தான் கான்கிரீட். நாலு அங்குலம் கான்கிரீட்டில் ஆழமாக இறங்காது. ஆறு அங்குலம் வாங்கிவர மறுபடி பைக் கிளம்பும். அண்ணாச்சியோ அதற்குள் மருமகனின் டிரில்லிங் மெஷினை எடுத்து, தட்டிச் சுற்றும் பட்டனைப் போட்டு, பளபளப்பான டைலில் வைத்துவிடுவார். பிட் வழுக்கி ஓடும். டைல் நாலாகப் போகும். வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார், சொல்லியிருந்தால் தேவலை.

மேஸ்திரி பக்கத்து டைலில் டேப் ஒட்டி, தட்டலை நிறுத்தி, வைர முனை பிட்டால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மேல்தோலைத் தாண்டுவார். கான்கிரீட் வந்த பிறகுதான் தட்டல். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காவிட்டால் போல்ட் விரிந்து பிடிக்காது என்று குனிந்து ஊதுவார். தூள் முழுதும் அண்ணாச்சியின் முகத்தில். அவர்தானே டார்ச் பிடித்துக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நாலு போல்ட்டும் முடுக்கியாகிவிட்டது. இப்போது கடப்பாரை போட்டாலும் நகராது. நகருவது வேறு: வீட்டுக்கு அடியில் இருப்பது கரிசல். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறிப் பொங்கும். கடக்கால் தோண்டும்போது ஆழமாகப் போகாமல், கிராவல் கொட்டி இறுக்காமல் விட்டால், தரை தானே ஏறும், தானே இறங்கும். பெட்டியும் விசுவாசமாகத் தரையோடு போகும். ஒரு மழைக்காலம் முடிந்ததும், பூட்டாமல் விட்ட கதவு தானாகத் திறந்து தானாக ஆடும். கள்ளன் வராமலே பெட்டி திறப்பது எப்படி என்று மேஸ்திரிக்கு மறுபடி போன் போகும்.

சரி, உள்ளே என்ன?

அங்கேதான் இந்த வறண்ட சீமையின் பொருளாதாரம் இருக்கிறது. புரட்டாசியில் உழவுக்கும் விதைக்கும் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகும். மிளகாயும் குதிரைவாலியும் கைகொடுத்தால் பங்குனியில் வீடு திரும்பும். ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு, மறுபடி வங்கிக்கு. 2021-இல் ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தபோது, ஆறு பவுன் வைத்திருந்த அண்ணாச்சி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. ஆக, பெட்டிக்குள் பூட்டியிருப்பது அடகு ரசீது.

இதே திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்ற பையன் 1896-இல் திருவண்ணாமலைக்குப் போகிற வழியில், கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். விலாசம் எழுதி வாங்கிய சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டான். பின்னாளில் அவர் ரமண மகரிஷி. 1924-இல் ஆசிரமத்துக்குள் திருடர்கள் வந்து அடித்தபோதும், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் சொன்னார்.

"சாமி கிழிச்சாரு, சரிதான்" என்பார் அண்ணாச்சி, சன்னதியில் கும்பிட்டுக்கொண்டே. "ரசீது தொலைஞ்சு போச்சுன்னு பேங்க்ல எழுதிக்கொடுத்துப் பாக்கணும் அவரு."

பெட்டி வந்த அன்றைக்கு ராத்திரி, ஆட்கள் போன பிறகு, வீட்டுக்காரம்மா முதல் ரசீதை அதற்குள் வைத்தார். இரண்டரைப் பவுன் சங்கிலி. பெட்டி வாங்க வைத்தது.