மடிப்பு கலையாமை

அன்றாடம் உடுத்தும் சாதாரணத் துணியை மிடுக்காகக் காட்டுவது எப்படி என்ற வினாவை இதுவரை ஜவுளிக்கடை விளம்பரங்கள் மட்டுமே ஆராய்ந்துவந்தது தமிழ் ஆய்வுலகுக்குப் பெருமை தரவில்லை. அக்குறை இங்கே போக்கப்படுகிறது. ஆய்வு எல்லை: நாலு முழ வேட்டி, அரைக்கைச் சட்டை, பேன்ட், இடமிருந்தால் கைலி. பட்டு வேட்டியும் கோட்டும் எல்லைக்கு வெளியே. அவை விலையாலேயே நிமிர்ந்து நிற்பவை. அவற்றைக் கட்டியவரின் திறமை அதில் ஒன்றுமில்லை.

மிடுக்கு இருப்பது மடிப்பில். இஃது எவ்வாறு பெறப்படும் எனின், ஒரே தறியில் நெய்த இரண்டு வேட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்று கொடியிலிருந்து உருவிக் கட்டியது. மற்றது தேய்த்துக் கட்டியது. கல்யாண வீட்டில் முன்னவரைச் சாம்பார் வாளி தூக்கக் கூப்பிடுவார்கள், பின்னவரை மேடைக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தாலும் இவ்விதி மாறுவதில்லை.

இதன் உள்விவகாரம் வேதியியல் சார்ந்தது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் அவை பிடி தளரும். சூடும் அழுத்தமும் பட்டு ஈரம் பறந்ததும், துணி அப்போது எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் அண்ணன் இதையே சுருக்கமாகச் சொல்வார்: "தண்ணி தெளிக்காம தேச்சா அது தேய்க்கிறது இல்ல சார், தடவுறது." கிண்ணத்தில் விரலை நனைத்துச் சட்டைமேல் உதறுவார். கரி கனலும் பெட்டியின் அடியில் ஒரு சொட்டு விட்டு, அது 'சொய்' என்று ஓடினால்தான் காலரைத் தொடுவார். அதிலும் முதலில் காலரின் உட்புறம். பிறகு தோள்பட்டை, கை, பொத்தான் பட்டி. பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே பெட்டியின் மூக்கை நுழைத்து, ஒன்றையும் உருக்காமல் எடுப்பார். முதுகு கடைசியில்தான். துணியின் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 வரை தாங்கும் என்பது உலகத்தார் வழக்கு. அண்ணன் எந்தச் சீட்டையும் புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

இதெல்லாம் ஒரு துறையா என்று மூக்கைச் சுருக்கும் அறிஞர்களுக்கு ஒரு செய்தி: கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசியிருக்கிறார். உங்கள் ஆய்வேடுகளுள் எது கிளாஸ்கோ போனது?

மடிப்பைக் காப்பதில் இரு மரபுகள் உண்டு. மூத்தது கஞ்சி மரபு. வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் துணியை முக்கினால், மாவுச்சத்து இழைகளுக்கு நடுவே புகுந்து காய்ந்து விறைக்கும். பதம் தப்பிக் கெட்டியாகிவிட்டால் வேட்டி ஒரு திசையிலும் ஆள் இன்னொரு திசையிலும் நடக்க நேரும். இளையது டெரிகாட்டன் மரபு. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட டெரிலீன் என்னும் பாலியஸ்டரைப் பருத்தியோடு கலந்தால் வருவது இது. பாலியஸ்டர் இழை 70 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். வியர்வை அதை ஒன்றும் செய்யாது. ஆகவே டெரிகாட்டன் சட்டை கசங்குவதில்லை. சென்னையின் மே மாதத்தில் உள்ளே இருப்பவர்தான் கசங்குகிறார்.

இனி இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு. இஸ்திரிக்கு வேண்டியவை ஈரம், சூடு, பாரம் ஆகிய மூன்று. நகரப் பேருந்தின் ரெக்சின் இருக்கையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வருபவரை நோக்குக. வியர்வை ஈரம் தருகிறது. உடல் 37 டிகிரிச் சூடு தருகிறது. பாரம் 70 கிலோ. அண்ணனின் பெட்டி இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எனவே துணி உட்காரும்போது கசங்குகிறது என்பது பிழை. அது தேய்க்கப்படுகிறது. மனிதப் பின்புறம் என்னும் இஸ்திரிப் பெட்டி, தவறான வடிவத்தில், மிகுந்த ஈடுபாட்டோடு தேய்த்துத் தருகிறது. மிடுக்கு வேண்டுவோர் கற்க வேண்டிய முதற்கலை உட்காராமை என்க. வெள்ளை வேட்டிப் பிரமுகர்கள் மேடையில் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பதையும், யார் வந்தாலும் உடனே எழுந்துவிடுவதையும் பணிவு என்று நினைத்துவந்தோம். மறுபரிசீலனை தேவை.

மற்ற உத்திகள் சில்லறை. அரைக்கையை ஒரு சுற்று மடித்தால் பத்து வயது குறையும், இரண்டு சுற்று மடித்தால் சண்டைக்குப் போவதுபோல் இருக்கும். சட்டையை இன் பண்ணுவது வயிறு அனுமதிக்கும்வரை நல்லது. காலருக்குள் கைக்குட்டை செருகுவது காலரைக் காக்கும், மற்றதையெல்லாம் கெடுக்கும்.

மறுப்பாளர் கேட்பர்: தேய்க்காமலே மதிப்புப் பெற வழியில்லையா? உண்டு, ஆனால் சட்டத்தில் இல்லை. 2014-இல் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றம் உள்ளே விடாததைத் தொடர்ந்து, அதே ஆண்டு சட்டம் வந்தது: வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கசங்கிய வேட்டி குறித்துச் சட்டம் மௌனம் சாதிக்கிறது.

அந்த வழி கைலிக்குத்தான் வாய்த்தது. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்த கைலிக்கு உறவான மெட்ராஸ் கட்டம் போட்ட துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. கடைக்காரர்கள் அசரவில்லை. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று அதையே விளம்பரமாக்கினார்கள். கல்லூரி மாணவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அப்படியானால் சாயம் போன கைலியோடு நாமும் வங்கிக்குப் போகலாமா எனின், தாராளமாகப் போகலாம், பணம் போடுவதற்கு. கடன் கேட்கப் போகிறவர் அண்ணனிடம் சட்டை பேன்ட்டைக் கொடுத்து, வாங்கியதும் மாட்டிக்கொண்டு, நின்றபடியே பேருந்தில் போவாராக.