இசைந்தவர் யார்?

நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறிடங்களில் இருக்க, தொலைபேசி, காணொளி, குறுஞ்செய்தி ஆகியவற்றின் வழியே நடைபெறும் சிகிச்சையாகிய தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் அடைபட்ட அதே நாளில், வெளியிட்டது. அவற்றின்படி அழைப்பவர் நோயாளியே எனில் அவர் சிகிச்சைக்கு இசைந்துவிட்டதாகவே கொள்ளப்படும். வாய்திறந்து சொல்லாமலே சொன்னதாகக் கருதப்படும் இது உட்கிடை இசைவு எனப்படும். ஆனால் கைப்பேசி மகனுடையதாகவும், பொத்தானை அழுத்தியவன் பேரனாகவும், நோயை விவரிப்பவர் மருமகளாகவும் இருக்க, நோயாளியாகிய பாட்டி கட்டிலில் கிடந்தபடி "யாருடா அது?" என்று கேட்டுக்கொண்டிருப்பதே வீட்டு நடைமுறை. பராமரிப்பாளர் அழைத்தால் வெளிப்படையான இசைவு பெற்றுப் பதிவுசெய்ய வேண்டும் என்று நெறிமுறை சொல்லத்தான் செய்கிறது. குடும்பத்தினரும் பராமரிப்பாளரே என்று அது சொல்வதால் பேரனும் அவ்வகையில் சேர்வான்; பாட்டியைத்தான் எவரும் கேட்கவில்லை.

நோயாளியின் செய்தி பிறர் காதுக்கு எட்டலாகாது என்னும் மருத்துவ இரகசியமோ, பாட்டிக்குக் காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கி வழியே எதிர்வீடுவரை காக்கப்படுகிறது. மலம் கழிந்து எத்தனை நாளாயிற்று என்ற வினாவுக்கு, பாட்டி வாய்திறக்குமுன் எதிர்வீட்டம்மாள் விடையளிக்கிறார். நாக்கை நீட்டச் சொன்ன மருத்துவர், திரையில் சுழலும் மின்விசிறியைக் கூர்ந்து நோக்கி, நீர்ச்சத்துக் குறைவு என்று முடிவுசெய்கிறார்.