மந்தமும் மணிப்புல்லும்

மலேசியாவைப் பூங்கா நாடாக்க 1996-இல் தேசிய லேண்ட்ஸ்கேப் இலாகாவைத் தொடங்கினார்கள், இலக்கு 2005. அடுத்த ஆண்டே ரிங்கிட் சரிந்தது. 1998 செப்டம்பரில் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று அதைக் கட்டிப்போட்டு, 2005 ஜூலையில்தான் அவிழ்த்தார்கள். பூங்காவுக்கும் அதே ஆண்டுதான் கெடு.

நாட்டின் பொருளாதாரத்தை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஜொகூரின் லாபிஸ் பக்கம் எங்கு திரும்பினாலும் செம்பனை, இல்லாவிட்டால் ரப்பர். இத்தனை மரத்துக்கு நடுவிலும் ஒருவர் காசு கொடுத்து அலங்காரப் பனை வாங்கி வாசலில் நடுகிறாரென்றால் பொருளாதாரம் செழிப்பு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். கை இறுகினால் முதலில் நிற்பது செயற்கை நீர்வீழ்ச்சி. குளத்து மீன் குழம்புக்குப் போகாது என்று நம்புவோம்.

மந்தம் வந்தாலும் தோட்டக் கலைஞர் சளைக்கமாட்டார். கறிவேப்பிலை, முருங்கை, மிளகாயை வரிசையாக நட்டு ‘உண்ணும் பூங்கா’ என்பார். பாட்டி கொல்லையில் சும்மா கிடந்தவை, இப்போது தொட்டியோடு விலைக்கு. 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டில் அடைபட்டவர்கள் செடி வாங்கிக் குவித்தது எதிர்பாராத போனஸ்.

மற்றபடி அவருக்குச் சோறு போடுவது புல்தான். வட்டி ஏறட்டும், ஏற்றுமதி இறங்கட்டும், ஜொகூர் மழையில் அது வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மந்தகாலத்தில் வடிவமைப்பு ஆலோசனை இலவசம். வெட்டுக்கூலி மட்டும் ரொக்கம்.