வாத்தியாரு தூங்கிட்டாரு

ஏங்கண்ணு, அந்த வட்டலைக் கொஞ்சம் குனிஞ்சு பாரு. உனக்கோசரம் அமுச்சி அரிசியும்பருப்பு ஆக்கி, நெய்ய உருக்கி மேல ஊத்திக் குடுத்து அரை மணி நேரமாச்சு. ஊத்துன நெய் ஒறைஞ்சு வெள்ளை வெள்ளையாத் திட்டுக் கட்டிப் போச்சு. நீ என்னடான்னா சோத்துக் கையை அந்தரத்துல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, எடக்கைப் பெருவெரல்ல போனைக் குத்திக்கிட்டே உக்காந்திருக்கற. அப்படி யாரு கண்ணு, ராத்திரி ஒம்பதரை மணிக்கு?

என்னது, ரெண்டாப்புப் பையனோட அம்மாவா? நாளைக்கு மழை வந்தாப் பள்ளிக்கொடம் லீவான்னு கேக்கறாங்களா? அப்பச் சொல்லீரு சாமி, சொல்லாம உட்டுராத. மழை எப்ப வரும்னு மேகத்துக்கே தெரியல. லீவு உடலாமா வேண்டாமான்னு கலெக்டரு காத்தால எந்திரிச்சு வானத்தப் பாத்தாத்தான் முடிவு பண்ணுவாரு. ஆனா ரெண்டாப்பு டீச்சருக்கு மொத நாள் ராத்திரியே தெரிஞ்சிருக்கோணும். அதுக்குத்தான கவருமெண்டு உனக்குச் சம்பளம் குடுக்குது.

இன்னும் பக்கத்துல கொண்டா, கண்ணாடியப் போட்டுக்கறேன். இது பெத்தவங்க குரூப்பு. இது பள்ளிக்கொடத்து குரூப்பு. இது ஒன்றியத்து குரூப்பு. இது எதுக்கு? பயிற்சிக்குப் போனப்ப ஆரம்பிச்சதா, பயிற்சி முடிஞ்சும் கலைக்கலையா? எழவு வீட்டுப் பந்தலைக் கூடக் காரியம் முடிஞ்சாப் பிரிச்சுருவாங்களே கண்ணு. 'இன்று மாலை 5 மணிக்குள், மிக மிக அவசரம்'னு 4.50-க்கு ஒண்ணு வந்திருக்குது. என்ன வேணுமாம்? கழிப்பறைக் கதவு எத்தனைன்னு எண்ணிச் சொல்லோணுமா? அந்தக் கதவு போன வருசமும் அங்கயேதான நின்னுச்சு, ராத்திரியோட ராத்திரியா ஓடியா போயிரும்?

பள்ளிக்கொடத்துக் கணக்க ஏத்தற அந்த ஆப்பு பகலெல்லாம் சுத்திக்கிட்டே நிக்குது, பதினொரு மணிக்கு மேலதான் எதுவும் ஏறுதுன்னு நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நானும் மூணு பேஸ் கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு உடுவாங்கன்னு பேட்டரி லைட்டக் கையில புடிச்சுக்கிட்டு மோட்டாரு ரூமுக்குப் போனவந்தான். தாத்தன் மாதிரியே பேத்தின்னு பெருமைப்பட்டுக்கறேன். ஒரே ஒரு வித்தியாசம், நா மோட்டாரப் போட்டா மஞ்சக்காடு நனையும்.

டீக்கடையில ரிட்டையர்டு எச்.எம். ஒருத்தரு உக்காந்திருப்பாரு, சட்டத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவரு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 27-ன்னு ஒரு பிரிவு இருக்குதாம். பத்து வருசத்துக்கு ஒருக்கா எடுக்கற தலைக்கணக்கு, பேரிடரு, எலெக்சன், இந்த மூணத் தவிர பாடஞ்சொல்லாத வேற சோலிக்கு வாத்தியார இழுக்கக் கூடாதாம். ஏன், மூணு போதாதா? 2011-க்கு அப்புறம் எண்ணாம உட்ட தலையெல்லாம் வரிசையில நிக்குது. அதே சட்டத்தோட அட்டவணையில வாத்தியாருக்கு வாரத்துக்குக் கொறைஞ்சது 45 மணி நேரம், பாடம் தயார் பண்றதும் அதுக்குள்ளயேன்னு போட்டிருக்குதாம். நல்ல மனுசங்க. 'கொறைஞ்சது'ன்னு போட்டவிய 'அதிகபட்சம்'னு ஒண்ணப் போட மறந்துட்டாங்க. என்ற காலத்து வட்டிக்காரனும் இப்படித்தான் பத்திரம் எழுதுவான்.

பிரான்சு தேசத்துல 2017-ல இருந்து, வேலை நேரம் முடிஞ்சா ஆபீசுப் போனைத் தொடாம இருக்கறதுக்குச் சட்டத்துலயே எடம் இருக்குதாம். நம்ம பார்லிமெண்டுலயும் சுப்ரியா சுலேங்கற அம்மணி 2018-ல அப்படி ஒரு தனிநபர் மசோதாவக் கொண்டாந்தாங்க. தனிநபர் மசோதா கடைசியா ஒண்ணு சட்டமானது 1970-ல. எனக்கு அப்பத்தான் கலியாணமாச்சு. அந்தச் சட்டம் வரட்டும்னு நீ காத்திருந்தா உன்ற பேத்தி ரிட்டையராயிருவா.

அதனால சட்டத்த உடு, நம்ம கட்டுத்தரைக்கு வா. ஏரு ஓட்டுன காலத்துல வெடியால நாலு மணிக்குப் பூட்டுனா, வெயிலு சுள்ளுன்னு ஏர்ற பத்து மணிக்கு அவுத்தாகோணும். மயிலைக் காளை ஒண்ணு வெச்சிருந்தேன். பத்து மணிக்கு மேல ஒரு சால் சேத்தி ஓட்டிப்போடலாம்னு பாத்தா, சாலு நடுவுலயே படுத்துக்கும். வாலை முறுக்குனாலும் சரி, தார்க்குச்சியில குத்துனாலும் சரி, கண்ணை மூடிக்கிட்டு அசை போடும். மூணு நாள் பாத்தேன். நாலாம் நாள் ஒம்பதேமுக்காலுக்கு நானாவே அவுத்துட்டேன். அது என்ன டீச்சர் டிரெயினிங்கா படிச்சுது? எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்துருச்சு பாரு.

நீ படிச்சிருக்கற. முப்பத்தஞ்சு வாண்டுகள, கையத் தூக்கிட்டுத்தான் பேசோணும், கேட்டுட்டுத்தான் வெளிய போகோணும்னு ரெண்டே வாரத்துல பழக்கிப்போடற. அதுகளப் பெத்தவங்களையும் நீதான் பழக்குன, ராத்திரி பத்து மணிக்குக் கேட்டா பத்து ஒண்ணுக்குப் பதில் வரும்னு. மொத நாளு 'எங்க டீச்சரு தங்கம்'னாங்க. ஒரு நாள் அசந்து தூங்கிட்ட, 'டீச்சருக்குத் திமிரு'ன்னுட்டாங்க. கன்னுக்குட்டிய ராத்திரிப் பாலுக்குப் பழக்குனவ, அது கத்துதுன்னு கன்னு மேல கோவிச்சா எப்படி?

நா பையனா இருந்தப்ப நம்மூருக்கு ஒரே வாத்தியாரு. மனு எழுதறது, கடுதாசி படிக்கறது, பாகம் பிரிக்கக் கணக்குப் போடறது எல்லாம் அவருதான். பொழுதோட வாசல்ல அரிக்கேன் லைட்ட மாட்டுவாரு. லைட்டு எரிஞ்சா யாரு வேணா போலாம். திரியை எறக்கி உள்ள எடுத்துட்டாருன்னா கடை சாத்தியாச்சு. ஒரு நாள் எங்கப்பன், கெணறு வெட்டறதுக்குக் கடன் மனு எழுதி வாங்கியாடான்னு என்னைத் தொரத்தி உட்டாரு. நா போறதுக்குள்ள லைட்ட எடுத்தாச்சு. உள்ள அவரும் அவரு சம்சாரமும் தாயம் உருட்டற சத்தம் கேக்குது. கதவத் தட்டுனேன். தாயக்கட்டை நின்னுச்சு.

"வாத்தியாரு தூங்கிட்டாரு, காத்தால வா"ன்னு வாத்தியாரே சொன்னாரு.

அவரே சொல்றாரு, நம்பாம இருக்க முடியுமா? வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்கப்பனும் 'அப்படியா, பாவம், தூங்கட்டும்'னாரு. கெணத்த ஒரு நாள் தள்ளித்தான் வெட்டுனோம். தண்ணி வராமயா போச்சு?

அதே வாத்தியாரு, அடுத்த வளவுப் புள்ளையத் தேளு கொட்டுன ராத்திரி ஒரே தட்டுல எந்திரிச்சுச் சைக்கிள எடுத்தவரு. உனக்கும் போன மாசம் அப்படி ஒண்ணு வந்துச்சல்லோ, எட்டாப்புப் புள்ளை, 'மிஸ், எனக்குக் கலியாணம் பேசறாங்க'ன்னு. நாலு குட் நைட்டுக்கும் மூணு மழை லீவுக்கும் நடுவுல அது கெடந்துச்சு. நீ பாத்ததே ஒரு மணி நேரங்கழிச்சு. 1098-க்குப் போனைப் போட்டு நிறுத்துனியே, உன்னை நா கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் போனு எந்தச் சாமத்துல வந்தாலும் எடு. அது உன்ற கண்ணுல படோணும்னுதான் மத்த குப்பையக் கூட்டித் தள்ளுங்கறேன்.

பெத்தவங்க குரூப்புல அட்மின் மட்டுந்தான் பேசலாம்னு ஒரு பூட்டு இருக்குது, அதப் போடு. பொழுதோட ஆறரையில இருந்து ஏழு வரைக்கும் லைட்டு எரியும்னு எழுதி வெய்யி. இன்னொரு சிம்மு வாங்கி, உசுருக்கு ஆபத்துன்னா கூப்பிடுங்கன்னு அந்த நம்பரைப் புள்ளைங்களுக்கு மட்டும் குடு. எச்.எம். கோவிச்சுக்குவாரா? ரெண்டு நாளைக்குக் கோவிச்சுக்குவாரு. மூணாம் நாள் அவரும் மேல இருக்கறவிய குரூப்பை மெதுவா மூடி வெச்சுப் பாப்பாரு. அவரு வட்டல்லயும் நெய் ஒறைஞ்சுதான் கண்ணு கெடக்குது.

அப்புறம், ரெண்டு கோடு நீலமா உழுகுதல்லோ, 2014-ல கொண்டாந்த அந்தக் கெரகத்த மொதல்ல அணைச்சுப்போடு. செட்டிங்குல பிரைவசிக்குள்ள போனீன்னா இருக்குது. ஏன் அப்படிப் பாக்கற? அப்புச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? உன்ற தம்பி போன தீவாளிக்கு அவனோட பழைய போனைக் குடுத்துட்டுப் போனானே.

ஆமா, கேக்கோணும்னே இருந்தேன். முந்தாநேத்து ராத்திரி பதினொண்ணேகாலுக்கு உனக்கு ரோசாப்பூப் படம் போட்டு குட் நைட் அனுப்பிச்சேன். ரெண்டு கோடும் நீலமா மாறுச்சு. பதிலு ஏங்கண்ணு போடல?