10 விழுக்காட்டு வீரம்

ஷா ஆலமில் பிள்ளைக்குத் தற்காப்புக் கலை தேடுவது வரன் தேடுவதைவிடச் சிரமம். அடிதடிக்காக இல்லை, அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறதே, அதற்காக.

தேக்குவாண்டோவுக்கு வம்சப் பெருமை உண்டு: 1962இல் மலாயாவுக்குத் தென்கொரியத் தூதராக வந்த ஜெனரல் சோய் ஹோங் ஹி பரப்பிய கலை. சிலாட்டுக்கு 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். சிலம்பமோ தோட்டத்து ஜனங்களோடு கப்பலேறி வந்தது. அன்றைக்கு அதனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

தாத்தா ஆசையாய் ஒரு கம்பு வாங்கி வந்தார். காரில் குறுக்கே வைத்தால் கதவைச் சாத்த முடியவில்லை; நீளவாக்கில் வைத்தால் கைப்பிரேக்கில் இடித்தது. பையன் இப்போது தேக்குவாண்டோவில் மஞ்சள் பெல்ட். கம்பு பால்கனியில் துணி காயப்போட உதவுகிறது. ஈரப் போர்வைக்குக்கூட வளையவில்லை, நல்ல கம்புதான்.