கத்திரிப்பூ நிறத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி: ஒரு லேஸ் சால்வையை முன்வைத்து

சென்ற கார்த்திகையில் எங்கள் வீட்டுக்கு 600 மீட்டர் பட்டுநூல் வந்து சேர்ந்தது. எடை 75 கிராம். சந்தன நிறத்தில் தொடங்கி, இளம்பச்சை, கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் கத்திரிப்பூ நிறத்தில் முடிகிற ஒரே நூல்; நடுவில் எங்கும் முடிச்சு கிடையாது. அந்தக் கத்திரிப்பூ நிறத்துக்காகத்தான் அதை வாங்கினோம். இதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன், பின்னால் வரும் வழக்கு முழுவதும் இதைப் பற்றியதுதான். என் மனைவி அந்த நூலில் முக்கோண லேஸ் சால்வை ஒன்று பின்ன ஆரம்பித்தார். ஆய்வாளர் (அடியேன்தான்) எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தரவு சேகரித்தார். நான்கு மாதம் ஆயிற்று.

சென்னையில் சால்வை எதற்கு எனின், மார்கழி சபாக்களில் ஏசி போடுகிறார்கள் என்க. பொன்னாடை இருக்கிறதே என்பாரும் உளர். அது போர்த்துவதற்கு அன்று, போட்டோவுக்கு. மேடையைவிட்டு இறங்குமுன் மடித்து மஞ்சள் பைக்குள் போய்விடும். எனவே அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி, லேஸ் என்பது யாதோ எனின், துளையே என்க. என்னை? துளையை நீக்கினால் மிஞ்சுவது வெறும் துணி ஆகலின். ஊசியில் நூலை ஒருமுறை சும்மா சுற்றினால் ஒரு கண்ணி கூடும், அதன் அடியில் ஒரு துளை விழும். கூடிய கண்ணிக்கு ஈடாகப் பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிட வேண்டும். கணக்கு நேராகும், துளை மட்டும் நிற்கும். இவ்வளவுதான் வித்தை. பூ, இலை, மாங்காய் எல்லாம் இந்தத் துளைகளை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. வைசேடிகர் இன்மையையும் ஒரு பதார்த்தமாக எண்ணி அதற்கு 'அபாவம்' என்று பெயர் வைத்தனர். அதைக் கிராம் கணக்கில் விலை கொடுத்து வாங்கியவர் யாரும் அவர்களில் இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்து ஒரு முரணைச் சுட்ட வேண்டும். பட்டுப்புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி, மூன்று நாளில், 600 முதல் 900 மீட்டர் வரை ஒரே இழையாகச் சுரந்து தன் கூட்டைக் கட்டிவிடுகிறது. அந்தக் கூட்டில் துளை விழலாகாது. பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறினால் இழை அறுந்துபோகும், நீளமாக உருவ முடியாது. பூச்சியை உள்ளேயே கொன்றுவிடுவது இதற்காகத்தான். துளைபட்ட கூட்டைக் கழிவில் சேர்த்து, பஞ்சுபோல் நூற்றுவிடுவார்கள். ஆக, புழு செய்தால் கழிவு, என் மனைவி செய்தால் கலை. புழுவுக்கு மூன்று நாள், இவருக்கு நான்கு மாதம் என்ற ஒப்பீட்டை வாய்விட்டுச் சொன்னபோது தரவு சேகரிப்பு ஒரு வாரம் தடைப்பட்டது.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவிலும், எஸ்டோனியாவின் ஹாப்சலுவிலும், ரஷ்யாவின் ஓரன்பர்கிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இப்படிப்பட்ட சால்வைகளைப் பின்னி வந்திருக்கிறார்கள். முதலிரண்டும் ஆட்டுக் கம்பளி. ஓரன்பர்கில் வெள்ளாட்டின் அடிமயிரோடு பட்டிழையையும் சேர்த்து முறுக்குவார்கள். மூன்று ஊருக்கும் பொதுவான தரச்சோதனை ஒன்று உண்டு: முழுச் சால்வையும் கல்யாண மோதிரத்துக்குள் புகுந்து வர வேண்டும். இச்சோதனையை நம் வீட்டில் செய்ய இயலவில்லை. சால்வையில் குறையொன்றும் இல்லை. என் மோதிரம் விரலைவிட்டுக் கடைசியாகக் கழன்று பதினொரு ஆண்டுகள் ஆகின்றன.

களத்துக்கு வருவோம். பட்டு வழுக்கும். உலோக ஊசியில் கண்ணிகள் தாமாகவே இறங்கிப் போய்விடுகின்றன என்று மூங்கில் ஊசிக்கு மாறினார். ஒரு கண்ணி நழுவினால் பின்னியது ஏணிபோல் அடிவரை அவிழும். அதற்கு முன்ஜாக்கிரதையாக, பத்து வரிசைக்கு ஒருமுறை, பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து வைத்துவிடுவார். எவ்வளவு அவிழ்ந்தாலும் அந்தக் கோட்டில் நின்றுவிடும். தப்பாகப் பின்னியதைப் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'தவளை வேலை' என்று பெயராம். பிரி, பிரி என்பதை அவர்கள் 'ரிப் இட், ரிப் இட்' என்கிறார்கள். தவளை அப்படித்தான் கத்துகிறதாம். நம் தவளைகள் அவ்வாறு கத்துவதில்லை. ஆயினும் நம் வீட்டிலும் பிரிக்கப்பட்டது.

"ரெண்டு சேத்து, சுத்து, ஒண்ணு, சுத்து, ரெண்டு சேத்து..." உதடு மட்டும் அசையும். இந்த மந்திரம் ஓடும்போது காபி வேண்டுமா என்று கேட்பதுகூடக் குற்றம். ஒருமுறை கேட்டேன். "ஏங்க, நூத்தி எம்பத்தி மூணுல இருந்தேன்" என்றார். காபி வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்போது கருதுகோள். சால்வை கழுத்தருகே 7 கண்ணிகளில் தொடங்குகிறது. இரண்டு வரிசைக்கு ஒருமுறை நான்கு கண்ணிகள் கூடும்: ஓரங்களில் இரண்டு, நடுமுதுகில் இரண்டு. 180ஆவது வரிசைக்கு வரும்போது ஊசியில் 367 கண்ணிகள் நிற்கும். ஒரு வரிசைக்கே கால் மணி நேரம் ஆகும். மொத்தம் சுமார் 33,600 கண்ணிகள். இதில் பாதி முடிவது எந்த வரிசையில்? 90 என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 126! பத்தில் ஏழு பங்கு வரிசை ஓடியபின்தான் பாதி வேலை முடிகிறது. 90ஆவது வரிசையன்று "பாதி கிணறு தாண்டியாச்சு" என்று நான் வாங்கி வந்த அரை கிலோ மைசூர்பாகு, ஆய்வுநெறிப்படி, 36 வரிசை முந்திவிட்டது.

நூலில் ஐந்து நிறமும் சம நீளம். அப்படியானால் சந்தன நிறத்துக்கு 79 வரிசை கிடைக்கிறது. கடைசியில் வருகிற கத்திரிப்பூவுக்கு? வெறும் 19. எந்த நிறத்துக்காக வாங்கினோமோ அதற்கு நான்கு விரற்கடை. கேட்காமலே ஒட்டிக்கொண்டு வந்த சந்தனத்துக்கு ஒரு அடி. முந்தி வந்தவன் திண்ணையில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ள, பிந்தி வந்தவன் சுவரோரம் ஒடுங்கி நிற்கிற கதைதான்.

இந்தக் கண்டுபிடிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடுக்களையில் சமர்ப்பித்தேன். மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவு ஒரு கரண்டிதான? நடுவுல ஊத்தினா அப்படியே குட்டியா நிக்கும். ஓரத்தைச் சுத்தி இழுத்தா மெலிசா வரும். மாவு கொறஞ்சுதா?"

குறையவில்லை. சம நூலென்றால் சமக் கண்ணி, சமக் கண்ணியென்றால் சமப் பரப்பு. 19 வரிசை ஒடுக்கமானதுதான், ஆனால் ஒவ்வொன்றும் சால்வையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது. நான்கு மாத ஆய்வை ஒரு தோசைக்கரண்டி மறுத்தது. இருப்பினும் பரப்பு வேறு, பார்வை வேறு என்று ஆய்வாளர் இன்னமும் கருதுகிறார். நூலைத் திருப்பிப் போட்டு கத்திரிப்பூவிலிருந்து தொடங்கியிருக்கலாமே என்றதற்கு, "கழுத்துகிட்ட கசங்கிக் கெடந்தா யாரு கண்ணுல படும்?" என்பதே கிடைத்த விடை.

எந்த வரிசையில் பச்சை மயில்கழுத்து ஆனது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் 131 என்கிறேன், அவர் 137 என்கிறார். காஞ்சிப் பட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், அசைத்தால் இரண்டும் மின்னும். இரண்டும் எப்போதும் அங்கேயே இருக்கின்றன. இங்கே ஒன்று போய்த்தான் மற்றொன்று வருகிறது. போனது எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா மட்டும் ஒரு கருத்துச் சொன்னார்: "சாயம் போயிருக்கு, மாத்திக் கேளு."

விபத்து நடந்தது முடிப்பு வரிசையில். கடைசிக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பூட்டும்போது சாதாரண வரிசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நூல் போகும், தளர்வாகப் பூட்டினால்தான் ஓரம் விரியும். 179 முடிந்ததும் மிச்ச நூலைச் சமையலறைத் தராசில் வைத்தோம். 2 கிராம் காட்டியது. 2 கிராமுக்கு 16 மீட்டர். இன்னொரு வரிசைக்கு 6, பூட்டுவதற்கு 11. ஒரு மீட்டர் உதைத்தது. அந்தத் தராசு முழுக் கிராமைத்தான் காட்டும். 2 என்றால் அது இரண்டரைக்குக் கிட்டவும் இருக்கலாம் என்று வாதிட்டு, கத்திரிப்பூவுக்கு இன்னும் ஒரு வரிசையாவது கிடைக்கட்டும் என்று பரிந்துரைத்தது ஆய்வாளர்தான். பின்னினார். பூட்டினார். இன்னும் 40 கண்ணிகள் இருக்கையில் நூல் தீர்ந்தது.

பூட்டிய 327 கண்ணிகளையும், அதற்குக் கீழே 180ஆவது வரிசையையும், ஈர நூலைப்போல் வழுக்கும் அந்தப் பட்டில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவிழ்த்தார். அன்று இரவு ஆய்வாளருக்குக் களத்தில் அனுமதி இல்லை.

மறுவாரம் 179லேயே பூட்டி முடித்தார். ஊசியிலிருந்து இறங்கியபோது சால்வை, கசக்கிப் போட்ட வெங்காயத்தோல் மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, எங்கள் மெத்தைமேல் விரித்து இழுத்து இழுத்து 112 குண்டூசிகள் குத்தினார். அப்போதுதான் துளைகள் கண் விழித்தன. நான் கூடத்தில் பாயில் படுத்தேன். காலையில் 111 ஊசிகள் எண்ணி எடுக்கப்பட்டன. எஞ்சிய ஒன்றை மறுநாள் மதியம் ஆய்வாளரே நேரடியாகக் கண்டறிந்தார்.

கத்திரிப்பூ நூலில் ஐந்து மீட்டர் மிஞ்சியது. சான்றாவணமாக அதை ஒரு காகித உறையில் போட்டு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அம்மா அதை எடுத்து மல்லிகைப்பூ கட்டிவிட்டார். பூஜை அறைக்குள் போவதற்குள் ஒரு முழமும் உதிர்ந்து வழியெல்லாம் கிடந்தது.

"கலர் நல்லாத்தான் இருக்கு" என்றார், குனிந்து பொறுக்கிக்கொண்டே. "பூதான் நிக்க மாட்டேங்குது."